மலைக்கு மேலே ஒரு லிட்டர் டீசல் எவ்வளவு தூரம் போகும்?

இந்த வருசத்துல மட்டும் மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. கீழே நாமக்கல் பக்கம் பழைய டீசல் கார் ஒண்ணு விலைக்கு வருது, லிட்டருக்கு 20 குடுக்குதுன்னு புரோக்கர் சொல்றாரு, வாங்கலாமா மாமா? கேட்ட மூணு பேரும் சின்னப் பசங்க. ஒருத்தன் கையில மிளகு வித்த காசு இருந்தது. இன்னொருத்தன் வீட்டு நகையை அடகு வைக்கிற யோசனையில இருந்தான். மூணாவது ஆளுக்கு வண்டி எதுக்குன்னே தெரியல, பக்கத்து வீட்டுல வாங்கிட்டாங்க, அவ்வளவுதான்.

நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்த 20-ஐ எங்கே அளந்தாங்க?

யாருக்கும் பதில் தெரியல. தெரியாதது அவங்க குற்றமும் இல்லை. மைலேஜ்னா வண்டிக்குள்ளேயே இருக்கிற ஒரு நம்பர்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆர்.சி. புத்தகத்துல இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இருக்கிற மாதிரி மைலேஜும் ஒரு நம்பர்னு. மரவள்ளி போடுறவங்களுக்கு இதைச் சொன்னா சட்டுனு புரியும். கிழங்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் மில்லுக்காரர் பார்வையை வச்சு விலை போடுறதில்லை. பாயிண்ட் பார்த்துத்தான் போடுறாரு. ஒரே விதைக்குச்சி, ஒரே காடு, மழைக்கு முன்னாடி பிடுங்கினா ஒரு பாயிண்ட், மழைக்குப் பின்னாடி பிடுங்கினா வேற பாயிண்ட். வண்டி மைலேஜும் அப்படித்தான். எந்த ரோடு, எவ்வளவு பாரம், யாரு கால் வச்சு ஓட்டினதுன்னு சேர்த்துச் சொன்னாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம்.

முதல்ல, பழைய டீசல் வண்டிங்க ஏன் இப்போ மலைக்கு இவ்வளவு வருதுன்னு பார்க்கணும். 2012 வாக்குல பெட்ரோலை விட டீசல் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல கம்மி. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கீழே எல்லாரும் ஸ்விஃப்ட் டீசல், இண்டிகா, சுமோன்னு வாங்கினாங்க. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துட்டாங்க. 2017 ஜூன்லேருந்து தினம் ஒரு விலை. இப்போ டீசல் தொண்ணூறு ரூபாய்க்கு மேல, பெட்ரோலுக்கும் அதுக்கும் வித்தியாசம் பத்து ரூபாய்க்குள்ள. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்தப்போ மாருதி டீசல் கார் விக்கிறதையே நிறுத்திட்டாங்க. கீழே இருக்கிறவங்களுக்கு டீசல் கார் மேல ஆசை விட்டுப்போச்சு. விக்கிறாங்க. நமக்கு மலை ஏற இழுவை வேணும், விலையும் கம்மியா வேணும். அதனால நம்ம வாசலுக்கு வருது. இதுல தப்பு ஒண்ணும் இல்லை. சாலை வளைவுல முக்கி முக்கி ஏறுறதுக்கு டீசல் இன்ஜின் தோதானதுதான்.

ஆனா கூடவே அந்த 20-ம் வருதே, அதுதான் சிக்கல்.

கம்பெனி விளம்பரத்துல போடுற மைலேஜை புனேயில இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான சோதனை நிலையங்கள்ல அளக்கிறாங்க. வண்டியை உருளை மேல நிறுத்தி, சக்கரம் நின்ன இடத்துலயே சுத்த, எழுதி வச்ச கணக்குப்படி வேகத்தைக் கூட்டி, குறைச்சு, நிறுத்தி ஓட்டுவாங்க. இருபது நிமிசம்தான் மொத்தம். உச்ச வேகம் 90 கிலோமீட்டர். ஏ.சி. போடுறதில்லை. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, எதிர்ல பஸ் வராது. இதை ஏமாத்துன்னு நான் சொல்லமாட்டேன். இந்த வண்டி அந்த வண்டியை விட எப்படின்னு ஒப்பிட ஒரு பொதுப் படிக்கல் வேணும், அதுக்கு அது சரி. நம்ம சோதனை முறையே ஐரோப்பாக்காரங்க பழைய முறையைப் பார்த்துச் செஞ்சதுதான். அவங்களே அந்த முறை ரோட்டுல வர்ற கணக்கோட ஒட்டலைன்னு 2017-லேருந்து வேற முறைக்கு மாறிட்டாங்க. சமதரையில இருக்கிறவனுக்கே ஒட்டாத நம்பர், 70 கொண்டை ஊசி வளைவு ஏறுறவனுக்கு எப்படி ஒட்டும்?

சரி, நம்ம ரோட்டுல எவ்வளவுதான் வருது? வாயால சொல்றதை விட அளந்து பார்த்துடலாம்னு போன தை மாசத்துலேருந்து ஒரு நோட்டுல எழுதிட்டு வர்றேன்.

என்கிட்ட இருக்கிறது பழைய மஹிந்திரா ஜீப். பியூஜோ இன்ஜின், எக்ஸ்.டி.பி. 4.90-ன்னு சொல்வாங்க. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், அதான் அந்தப் பேரு. 2112 சி.சி. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டு வாசல்லேருந்து அடிவாரம் தாண்டி நான் டீசல் போடுற பங்க் வரைக்கும் 35 கிலோமீட்டர். அதுல கடைசி 10 கிலோமீட்டர் சமதரை.

அளந்த விதத்தைச் சொல்லிடுறேன், வேணுங்கிறவங்க செஞ்சு பாருங்க. பங்க்ல டேங்க் வாய் வரைக்கும் நிரப்பிட்டு, கேன்லயும் கொஞ்சம் வாங்கிக்குவேன். வீட்டுக்கு வந்து வாசல்ல சமமான இடத்துல நிறுத்தி, லிட்டர் அளவையில அளந்து அளந்து மறுபடியும் வாய் வரைக்கும் ஊத்துவேன். உள்ளே போனது எவ்வளவோ அதுதான் மலை ஏற வண்டி குடிச்சது. மறுபடி கீழே போனதும் அதே பங்க்ல, அதே பம்ப்ல, வாய் வரைக்கும். அது இறங்கக் குடிச்சது. ஒரு தடவை அளந்தா நம்பக்கூடாது. நான் ஆறு தடவை அளந்து சராசரி போட்டேன். மீட்டர்ல தூரம் பார்க்கிறதும் பழைய வண்டிக்கு ஆகாது. டயர் அளவு மாறியிருந்தா மீட்டர் பொய் சொல்லும். ரோட்டோர மைல்கல்லை எண்ணி ஒருதடவை சரிபார்த்துக்கணும்.

நானும் என் மகனும் மட்டும் உட்கார்ந்து, பாரம் இல்லாம ஏறினப்போ 5 லிட்டர். அதாவது லிட்டருக்கு 7. இறங்குறப்போ 1.1 லிட்டர். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 32! ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே ஆளு. இறங்கினதை மட்டும் காட்டி நான் இந்த ஜீப்பை யாருக்காவது வித்தா, அவன் புதுக் காரையே வேண்டாம்னு சொல்லிடுவான். ரெண்டையும் சேர்த்தா 70 கிலோமீட்டருக்கு 6.1 லிட்டர், லிட்டருக்கு பதினொன்றரை. மலைக்கு மேல இருக்கிறவனுக்கு இந்தப் பதினொன்றரைதான் உண்மை. இறங்கினவன் எப்படியும் ஏறித்தான் ஆகணும்.

அடுத்து எட்டு மூட்டை சிமெண்ட் ஏத்தினேன். 400 கிலோ. ஏற 5.6 லிட்டர் ஆச்சு. அறுநூறு மில்லிதான் கூடுதல். எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். பாரம் ஏத்தினா டீசல் தாறுமாறா குடிக்கும்னுதானே இத்தனை வருசமா கேட்டுட்டு இருக்கோம்.

இது ஏன் இப்படின்னு யோசிச்சப்போ பள்ளிக்கூடத்துல படிச்ச நிலை ஆற்றல் கணக்கு ஞாபகம் வந்தது. எடை, புவியீர்ப்பு, உயரம், மூணையும் பெருக்கணும். அடிவாரத்துலேருந்து நம்ம ஊருக்கு சுமார் ஆயிரம் மீட்டர் உயரம்னு வச்சுக்குங்க. நூறு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க கிட்டத்தட்ட 10 லட்சம் ஜூல் வேணும். ஒரு லிட்டர் டீசல்ல இருக்கிற சக்தி சுமார் 360 லட்சம் ஜூல். ஆனா பழைய இன்ஜின் அதுல ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனா நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குக் குடுக்கும். மீதி சைலன்சர் வழியாவும் ரேடியேட்டர் வழியாவும் சூடாப் போயிடும். கணக்குப் போட்டா நூறு கிலோவை மலைக்கு மேல தூக்க 100 மில்லிக்கு மேல, 150 மில்லிக்குள்ள. நான் அளந்ததும் அதுதான், 400 கிலோவுக்கு 600 மில்லி. பள்ளிக்கூடத்துல எதுக்குடா இதெல்லாம்னு கேட்ட கணக்கு, இத்தனை வருசம் கழிச்சு வாசல்ல வந்து நிக்குது.

இதே கணக்குல இன்னொண்ணும் தெரியுது. ஜீப்போட சொந்த எடையே சுமார் 1400 கிலோ. நாம வெறும் கையோட ஏறினாலும் அந்த 1400 கிலோவைத் தூக்கித்தான் ஆகணும். ரெண்டு லிட்டர் அதுக்கே போச்சு. அப்போ மலைக்கு மேல டீசல் எங்கே வீணாகுதுன்னா, வெறும் வண்டியை மேல தூக்குறதுலதான். எட்டு மூட்டை சிமெண்ட் ஒரே வண்டியில வந்தா, போக வர 6.7 லிட்டர். அதையே ரெண்டு ஜீப்ல நாலு நாலு மூட்டையா கொண்டுவந்தா கிட்டத்தட்ட 12.8 லிட்டர். மூட்டைக்கு 77 ரூபாய் டீசல் ஆகவேண்டியது 147 ரூபாய் ஆகுது. நம்ம ஊர்ல நடக்கிறது என்ன? ஒருத்தன் திங்கக்கிழமை உரத்துக்குப் போறான், பக்கத்து வீட்டுக்காரன் செவ்வாய்க்கிழமை தகரத்துக்குப் போறான், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்றதில்லை. வாடகை வண்டிக்காரர் அன்னாசியை இறக்கிட்டு வெறுமனே ஏறி வர்றாரு, அந்த ஏத்தத்துக்கும் அன்னாசிக்காரன் தலையிலதான் வாடகை விழுது. வண்டிக்காரரையும் குறை சொல்ல முடியாது. கீழே போகும்போதே "நாளைக்கு யாருக்காவது மேல வரவேண்டிய சாமான் இருக்கா"ன்னு கேட்டு ஒரு போன் போட்டா, போட்டவருக்கும் லாபம், சாமான்காரனுக்கும் லாபம். மைலேஜ்னா லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேட்கிறதை விட, மூட்டைக்கு எத்தனை லிட்டர்னு கேட்கிறதுதான் நமக்குச் சரியான கேள்வி. (இதைப் படிச்சுட்டு ஜீப் மேல பதினஞ்சு பேரை ஏத்தாதீங்க. நான் சொல்றது வண்டி தாங்குற பாரத்துக்குள்ள.)

இப்போ நான் எழுத வந்ததுக்கு வர்றேன். இறக்கம்.

மலை ரோட்டுல பழைய டீசல் வண்டி ஓட்டுற பலபேர், முக்கியமா புதுசா வாங்கின பசங்க, இறங்கும்போது நியூட்ரல்ல விட்டுடுறாங்க. சிலபேர் இன்ஜினையே அணைச்சுடுறாங்க. "இறங்குறதுக்கு எதுக்குண்ணே டீசல், வண்டி தானா போகுது"ங்கிறாங்க. இப்படி இறங்கினாத்தான் லிட்டருக்கு 20 கிடைக்கும்னு ஒரு தம்பி எனக்கே பாடம் எடுத்தான்.

அவன் நினைக்கிற மிச்சம் அங்கே இல்லவே இல்லை. டீசல் இன்ஜின்ல டீசலை அளந்து விடுறது பம்ப். வண்டி கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டா, சக்கரம் இன்ஜினைச் சுத்தவைக்குது. இன்ஜின் ஐடிலிங்கை விட வேகமா சுத்துற வரைக்கும் பம்ப்ல இருக்கிற கவர்னர் டீசலைக் கிட்டத்தட்ட அடைச்சுடும். புது வண்டியில இதைக் கம்ப்யூட்டர் செய்யுது, என் ஜீப்ல எடையும் ஸ்பிரிங்கும் செய்யுது, விசயம் ஒண்ணுதான். ஆனா நியூட்ரல்ல விட்டா இன்ஜின் அணையாம ஓடுறதுக்கு டீசல் குடிச்சே ஆகணும். அதாவது ரெண்டாவது கியர்ல இறங்குறவன் நியூட்ரல்ல இறங்குறவனை விட கம்மியாத்தான் டீசல் செலவு பண்றான்!

வாசல்ல நிறுத்தி ஒருமணி நேரம் ஐடிலிங்ல ஓடவிட்டு அளந்தேன். 600 மில்லி. நம்ம மலை இறங்க ஒருமணி நேரம்னு வச்சா, நியூட்ரல்ல 600 மில்லி போகும். நான் கியர்ல இறங்கினப்போ ஆன 1.1 லிட்டர்ல பெரும்பங்கு அடிவாரம் தாண்டி சமதரையில 10 கிலோமீட்டர் ஓடினதுக்கு. மலை இறக்கத்துக்குன்னு பார்த்தா முந்நூறு மில்லி கூட இல்லை. சரி, இன்ஜினையே அணைச்சு இறங்குறவனுக்கு? கியர்ல இறங்குறவனை விட அந்த முந்நூறு மில்லி மிச்சம். முப்பது ரூபாய்க்குள்ள. ஒரு டீயும் ரெண்டு போண்டாவும்.

அந்த முப்பது ரூபாய்க்கு அவன் என்னத்தை அடகு வைக்கிறான்னு பாருங்க. இப்போ வர்ற கார்ல பிரேக்கை லேசா மிதிச்சாலே பிடிக்குதுன்னா அதுக்குக் காரணம் வேக்குவம் பூஸ்டர். டீசல் வண்டியில அந்த வேக்குவத்தை உண்டாக்குறது இன்ஜின் சுத்துறதால ஓடுற ஒரு பம்ப். இன்ஜின் நின்னா ரெண்டு மூணு மிதிக்கு மேல பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பி எடுத்துட்டா ஸ்டியரிங்கே பூட்டிக்கும். கொண்டை ஊசி வளைவுல இது மூணும் ஒண்ணா நடந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை. மலை ரோட்டுல வாழ்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பள்ளத்துல போன ஒருத்தர் பேராவது தெரியும்.

இன்ஜின் ஓடிட்டே நியூட்ரல்ல இறங்குறதும் லேசுப்பட்டது இல்லை. ஏத்தத்துல தூக்கின அத்தனை சக்தியும் இறக்கத்துல எங்கேயாவது போயாகணும். கியர்ல இருந்தா இன்ஜின் அதுல பாதியை வாங்கிக்கும். நியூட்ரல்னா மொத்தமும் பிரேக் டிரம்லதான் சூடா இறங்கும். லைனர் தீயுற வாடை அடிக்கும், அடுத்து பிரேக் ஆயில் கொதிக்கும், அப்புறம் பெடல் தரையைத் தொடும். ஆடி 18-க்கு ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் கீழேருந்து வர்ற கார்களைப் பாருங்க. சாயந்திரம் இறங்கும்போது வளைவுக்கு வளைவு அந்த வாடைதான். கூடவே இறங்குற அரசு பஸ்ஸைக் கவனிங்க. போக்குவரத்துக் கழகத்துல ஓட்டுநருக்கு டீசல் கணக்கு உண்டு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு ஆளுக்கு ஆள் பார்ப்பாங்க. அப்படிக் கணக்குக் கேட்கிற வேலையில இருக்கிறவரே கீழ் கியர்ல உறுமிட்டுத்தான் இறங்குறாரு. அவரை விடவா நமக்கு டீசல் மேல அக்கறை?

இன்னொண்ணு. நம்ம விளைச்சல் எல்லாம் கீழே போற பாரம். கிழங்கு, அன்னாசி, பலா, வாழைத்தார். பாரத்தோட இறங்குற வண்டிக்கு டீசல் செலவு கம்மி, பிரேக் செலவு அதிகம். பலாச் சீசன்ல ஜீப் நிறைய பழத்தை ஏத்திட்டு நியூட்ரல்ல விடுற பையனைப் பார்த்தா, அவங்க அப்பாகிட்ட நானே போய்ச் சொல்லிடுவேன். சொல்லியும் இருக்கேன். அதுல ஒரு வீட்டுல இப்பவும் பேச்சு வார்த்தை இல்லை. பரவாயில்லை.

மிச்சம் பிடிக்கணும்னா ஏத்தத்துல பிடிக்கணும். அங்கேதான் அஞ்சு லிட்டர் போகுது.

மேல் கியர்ல போட்டு இன்ஜினைத் திணறடிச்சு ஏத்துறது மைலேஜ்னு ஒரு நினைப்பு இருக்கு. சைலன்சர்ல கறுப்புப் புகை வருதா, அது எரியாத டீசல், காசு கறுப்பாப் போகுதுன்னு அர்த்தம். ஒரு கியர் குறைச்சு, நிமிசத்துக்கு 2000 சுத்துக்குப் பக்கத்துல வச்சு, காலை அளவா வச்சா புகை நிக்கும். அதுக்கு மேலயும் கறுப்பா வந்தா பம்ப்பையும் நாசிலையும் பார்க்கணும். இங்கே ஒரு விசயம் கீழே இருக்கிற மெக்கானிக்குங்க யோசிக்கிறதில்லை. ஆயிரம் மீட்டர் மேல வந்தா காத்து சுமார் பத்துல ஒரு பங்கு அடர்த்தி கம்மி. டர்போ இல்லாத பழைய பம்ப்புக்கு அது தெரியாது. கீழே எவ்வளவு டீசலை விட்டதோ அதே அளவை இங்கேயும் விடும். காத்து பத்தாம புகையாப் போகும். மலையிலேயே ஓடுற வண்டிக்கு பம்ப் செட்டிங்கைக் கொஞ்சம் குறைச்சு வைக்கணும். இழுவை துளி குறையும், ஆனா புகை போயிடும்.

தெர்மோஸ்டாட் கதையும் அப்படித்தான். மலை ஏறினா வண்டி சூடாகும்னு பயந்து அதைக் கழட்டி எறிஞ்சுடுறது நம்ம பக்கம் ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. மார்கழி குளிர்ல செம்மேடு வரைக்கும் போயிட்டு வர்ற வண்டிக்கு இன்ஜின் சூடே ஏறாது. டீசல் இன்ஜின் நல்லா எரிக்கிறதே சூடேறின பிறகுதான். குளிர்ந்த இன்ஜின் குடிக்கும், தேயும். சில நூறு ரூபாய் சாமான். வண்டி சூடாகுதுன்னா ரேடியேட்டரைக் கழுவு, பெல்ட்டைப் பாரு, தெர்மோஸ்டாட்டை ஏன் கழட்டுறே?

மத்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. டயர்ல காத்து, ஏர் பில்டர்ல மண், பிரேக் ஒட்டிட்டே சுத்துற சக்கரம், ஏத்தத்துல வழுக்குற கிளச். கேன்ல டீசல் வாங்கி வைக்கிறவங்க தண்ணி இறங்காம பார்த்துக்கணும், டீசல் பில்டர் அடியில இருக்கிற திருகைத் திறந்து தண்ணியை வடிச்சு விடணும். 1900-ல பாரிஸ் கண்காட்சியில டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில ஓட்டிக் காட்டினாங்கங்கிறது உண்மைதான். அதுக்காக எதை ஊத்தினாலும் ஓடும்னு மண்ணெண்ணெய் கலக்காதீங்க. பம்ப்புக்கு வழவழப்பு குடுக்கிறதே டீசல்தான். லிட்டருக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிச்சு பம்ப்புக்கு ஆயிரக்கணக்குல அழணும்.

அப்புறம், எதிர்ல ஏறி வர்ற வண்டிக்கு இறங்குறவங்க வழி விடணும். இது மரியாதை மட்டும் இல்லை, மலை ரோட்டுல சட்டமே அதுதான். பாரத்தோட ஏறுற வண்டியை வளைவுல நிறுத்தி மறுபடி கிளப்பினா கிளச்சும் தேயும், டீசலும் போகும். கீழேருந்து வர்ற காருங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டா எங்களுக்குப் பெரிய உபகாரம்.

கடைசியா அந்தப் பசங்க கேட்ட கேள்வி. வாங்கலாமா?

வாங்கு. ஆனா மைலேஜுக்காக வாங்காதே. கணக்கைப் பாரு. மலைக்கு மேல இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்க வருசத்துக்கு 5000 கிலோமீட்டர் ஓட்டினா பெரிசு. என் ஜீப்புக்கு அதுக்கு 435 லிட்டர். லிட்டருக்கு 16 குடுக்கிற வண்டின்னா 312 லிட்டர். வித்தியாசம் 123 லிட்டர், வருசத்துக்குப் பதினோராயிரம் ரூபாய் சொச்சம். கடன்ல வாங்கின புது வண்டிக்கு ஒரு மாசத் தவணையே அதுக்கு மேல. நகையை அடகு வச்சு பழைய காரை மாத்தி இன்னொரு பழைய கார் வாங்கினாலும், வட்டி கட்ட அந்த மிச்சம் காணாது. தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுற டாக்ஸிக்காரருக்கு மைலேஜ் சோறு போடும். நமக்குப் போடாது.

பின்னே எதைப் பார்த்து வாங்குறது? பிரேக்கைப் பாரு. சேசிஸ் துரு பிடிச்சிருக்கான்னு அடியில படுத்துப் பாரு. காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணிப் பாரு, நீ வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா சந்தேகப்படு. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாரு, புசுபுசுன்னு புகை அடிச்சா இன்ஜின் தேஞ்சிருக்கு. நாலு பேரை உட்கார வச்சு காரவள்ளியிலேருந்து பத்து வளைவு ஏத்திக் காட்டச் சொல்லு. விக்கிறவர் மாட்டேன்னா கிளம்பி வந்துடு. வண்டிக்கு 15 வருசம் முடியப்போகுதான்னும் பாரு. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5000 ஆக்கிட்டாங்க, அதுவும் அஞ்சு வருசத்துக்குத்தான். வருசம் 5000 கிலோமீட்டர் ஓடுற வண்டியையும் 50,000 ஓடுற வண்டியையும் வயசை மட்டும் வச்சு ஒண்ணாப் பார்க்கிறது எனக்கு ஒப்பாத விசயம். புகையை அளந்து, பிரேக்கை அளந்து முடிவு பண்ணட்டும், என் ஜீப்பை எப்ப வேணா கொண்டுபோய் நிறுத்துறேன்.

நகை அடகு யோசனையில இருந்த தம்பி இன்னும் வாங்கல. இந்த நோட்டை வாங்கிட்டுப் போயிருக்கான், திருப்பித் தரணும். என் வண்டியில இப்போ இருக்கிறது பட்டன் டயர். தார் ரோட்டுல அது உறுமுற சத்தத்துக்கே எவ்வளவோ டீசல் போகும்னு எனக்குத் தோணுது. மழை விட்டதும் ரோடு டயர் மாட்டி, அதே பங்க், அதே ரோடு, ஆறு தடவை அளந்துட்டு எழுதுறேன்.